குடிக்கு ஏன் மனநல மருத்துவமனை? வார்டுக்குள்ளும் வெளியே வந்த பிறகும் நடப்பவை

போதைப் பழக்கத்துக்காக ஒருவரை மனநல மருத்துவமனையில் சேர்க்கும் குடும்பத்திடமிருந்து இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். சேர்க்கும் அன்று ஒன்று: "குடிதானே இவருக்குப் பிரச்சினை, மனசுல என்ன கோளாறு? எதுக்கு இந்த ஆஸ்பத்திரி?" வீடு திரும்பி மூன்று மாதம் கழித்து இன்னொன்று: "அதான் அத்தனை நாள் வச்சுப் பார்த்தீங்களே, மறுபடியும் எப்படிக் குடிச்சார்?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. போதையை உடம்பிலிருந்து இறக்குவது சில நாள் வேலை. போதைக்குப் பழகிப்போன மூளையைத் திரும்பப் பழக்குவது மாதக் கணக்கில், பல சமயம் வருடக் கணக்கில் நடக்கும் வேலை. வார்டில் கழியும் நாட்கள் பெரும்பாலும் முதல் வேலைக்கே சரியாகிவிடும். இந்தக் கணக்கு யாரும் சொல்லித் தராததால், சிகிச்சை தொடங்கும் இடத்திலேயே அது முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பலர் வீடு போகிறார்கள்.

## முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம்

"குடிகாரர்" என்பது வசவு. அதை வைத்து மருத்துவம் பார்க்க முடியாது. மருத்துவம் பார்ப்பது மூன்று படிகளை: அபாயமான பயன்பாடு, தீங்கு விளைவித்துவிட்ட பயன்பாடு, சார்பு நோய். வார்டில் சேர்க்கும் அளவுக்குப் போவது பெரும்பாலும் மூன்றாவது படியில் இருப்பவர்கள்தான்.

உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டில் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சார்பு நோய்க்கு அது மூன்று அடையாளங்களைச் சொல்கிறது.

1. கட்டுப்பாடு கைவிட்டுப் போவது. எப்போது தொடங்குவது, எவ்வளவோடு நிறுத்துவது என்பது அவர் கையில் இல்லை.
2. போதை மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு நிற்பது. வேலை, பிள்ளைகள், உடல்நலம் எல்லாம் கெடுவது தெரிந்தும் தொடர்வது.
3. உடம்பு பழகிப்போவது. அதே போதைக்கு முன்பைவிட அதிக அளவு தேவைப்படும். நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். அதை அடக்க மறுபடியும் குடிக்க வேண்டியிருக்கும்.

இவற்றில் இரண்டு இருந்தாலே சார்பு நோய். பொதுவாக ஓராண்டுப் போக்கைப் பார்ப்பார்கள். கிட்டத்தட்ட தினமும் பயன்படுத்துபவர் என்றால் மூன்று மாதமே போதும்.

எத்தனை பாட்டில், என்ன சரக்கு, வேலைக்குப் போகிறாரா இல்லையா என்பதெல்லாம் இந்தப் பட்டியலில் கிடையாது. "அவர் வேலைக்கு ஒழுங்கா போறார், ராத்திரி மட்டும்தான்" என்று சொல்லியே பல வருடங்களைத் தள்ளிப்போடுகிறார்கள். ஒழுங்காக வேலைக்குப் போகிற ஒருவருக்கும் இந்த மூன்றும் முழுமையாக இருக்க முடியும்.

சந்தேகம் இருந்தால் முதல் படியாக உலக சுகாதார அமைப்பு உருவாக்கிய 'ஆடிட்' என்ற பத்துக் கேள்வித் தாளைப் பயன்படுத்தலாம். மொத்த மதிப்பெண் 40. 8ஐத் தொட்டால் அபாயம். 20ஐத் தொட்டால் சார்பு நோய்க்கான முழுப் பரிசோதனை தேவை. ஐந்து நிமிட வேலை.

## மனநல மருத்துவமனை ஏன்?

கல்லீரலுக்கு ஒரு மருத்துவர், வயிற்றுக்கு ஒரு மருத்துவர் என்று ஏற்கெனவே பார்த்துவிட்டுத்தான் பலர் இங்கே வருகிறார்கள். குடியால் கெடும் உறுப்புகளை அவர்கள் சரிசெய்வார்கள். ஆனால் குடிக்கச் சொல்லும் உறுப்பு மூளை.

1954இல் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இரு ஆய்வாளர்கள் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைப் பொருத்தி, அது ஒரு நெம்புகோலை அழுத்தினால் குறிப்பிட்ட இடத்தில் சிறு மின்தூண்டல் கிடைக்குமாறு செய்தார்கள். எலி மணிக்கு நூற்றுக்கணக்கான முறை அழுத்திக்கொண்டே இருந்தது. "இது நல்லாருக்கு, இன்னொரு தடவை செய்" என்று சொல்லும் பாதை ஒன்று மூளையில் இருப்பதை அந்தப் பரிசோதனை காட்டியது. சாப்பாடு, உறவு, பாராட்டு எல்லாம் அந்தப் பாதையில்தான் வேலை செய்கின்றன. மது, ஹெராயின், கொக்கெயின், நிகோடின் எல்லாம் அதே பாதையில் நுழைந்து, டோபமைன் என்ற வேதிப்பொருளை இயல்புக்கு மீறிப் பெருக்குகின்றன. நாளடைவில் இயல்பான இன்பங்களுக்கு அந்தப் பாதை மந்தமாகிறது. கூடவே, "வேண்டாம், நிறுத்து" என்று தடுக்க வேண்டிய முன்மூளையின் பிடியும் தளர்கிறது.

'மன உறுதி இருந்தா விட்டுடலாம்' என்ற பேச்சு இங்கேதான் அடிபட்டுப்போகிறது. மன உறுதி பிறக்கும் இடமே நோய்ப்பட்டிருக்கிறது. மன உறுதி வேண்டும்தான். அது திரும்பி வரும் வரை, அதன் வேலையை மருந்தும் சூழலும் கூட இருப்பவர்களும் செய்ய வேண்டியிருக்கிறது.

இரண்டாவது காரணம் இன்னும் நேரடியானது. போதை நோயோடு வருபவர்களில் கணிசமானவர்களுக்கு மனச்சோர்வு, பதற்ற நோய், இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு போன்ற ஒன்று கூடவே இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் பயிற்சி பெற்றவர்கள் இருக்கும் இடம் இது. இதைக் கொஞ்சம் விரிவாகப் பின்னால் பார்ப்போம்.

## முதல் வாரம்: உயிரைக் காப்பாற்றும் வேலை

மது மூளையின் வேகத்தை அடக்கும் பொருள். வருடக்கணக்கில் தினமும் அடக்கப்படும் மூளை, அதை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். திடீரென மது நின்றால், அடக்குவது போய் வேகம் மட்டும் மிஞ்சும். விலகல் அறிகுறிகள் என்பவை இந்த மிஞ்சிய வேகம்தான். "இன்னையிலேர்ந்து தொடமாட்டேன்" என்று வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நிறுத்துவது, நெடுநாள் கடுமையாகக் குடித்தவர்களுக்கு ஆபத்தாவது இதனால்தான்.

கடைசியாகக் குடித்ததிலிருந்து நேரத்தைக் கணக்கிட்டால், படிகள் ஏறக்குறைய இப்படி வரும்:

1. 6 மணி நேரத்திலிருந்து: கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை.
2. 6 முதல் 48 மணி நேரத்துக்குள்: சிலருக்கு வலிப்பு. இதற்கு முன் வலிப்பே வந்திராதவருக்கும் வரலாம்.
3. 12 முதல் 24 மணி நேரம் வாக்கில்: சிலருக்கு இல்லாத உருவம் தெரிவது, குரல் கேட்பது.
4. 48 முதல் 96 மணி நேரத்துக்குள்: சிலருக்கு மட்டும் 'டெலிரியம் ட்ரெமென்ஸ்' என்ற கடுமையான குழப்ப நிலை. இடம், நாள், ஆள் தெரியாது. காய்ச்சல், நடுக்கம், ரத்த அழுத்த ஏற்றம் எல்லாம் சேர்ந்து வரும். முறையான சிகிச்சை இல்லாத காலத்தில் மூன்றில் ஒருவர் வரை இதில் இறந்ததுண்டு. இன்று உரிய நேரத்தில் பார்த்தால் இறப்பு 5 சதவீதத்துக்கும் கீழே.

நான்காவது படிதான் குடும்பங்களை ஏமாற்றுகிறது. முதல் இரண்டு நாள் ஓரளவு நன்றாக இருந்தார், சரியாகிவிட்டது என்று நினைத்து மூன்றாம் நாள் வீட்டுக்கு அழைத்துப் போக அவசரப்படுவார்கள். ஆபத்து உச்சத்தில் இருப்பது அந்த மூன்றாம் நாளில்தான்.

வார்டில் இதை எப்படிக் கவனிக்கிறார்கள்? ஒரு நாளின் நடுவில் போய் நின்று பார்த்தால் தெரியும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை செவிலியர் படுக்கையருகே வருகிறார். "ரெண்டு கையையும் நீட்டுங்க, விரலை விரிச்சு வைங்க." விரல் நுனியில் நடுக்கம் கண்ணுக்குத் தெரிகிறதா, இல்லை தொட்டால்தான் உணர முடிகிறதா என்று பார்க்கிறார். நெற்றியில் வியர்வை முத்தாக நிற்கிறதா, உள்ளங்கை மட்டும் ஈரமா? "லைட் வெளிச்சம் வழக்கத்தைவிடக் கண்ணைக் கூசுதா? தோல்மேல ஏதாவது ஊர்ற மாதிரி இருக்கா? இது எந்த இடம், இன்னைக்கு என்ன தேதி?" இப்படிப் பத்து அம்சங்களுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறார், உச்ச மதிப்பெண் 67. எண் ஏறினால் மருந்து கூடும், இறங்கினால் குறையும். வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ பேச்சுக் கொடுப்பது போல இருக்கும். அந்த எண்தான் வலிப்பைத் தடுக்கிறது.

மருந்து என்பது பெரும்பாலும் பென்சோடயசெப்பைன் குடும்பத்தைச் சேர்ந்தது: குளோர்டயசெப்பாக்சைடு, டயசெபாம், கல்லீரல் கெட்டிருந்தால் லோராசெபாம். மது எந்த இடத்தில் மூளையை அடக்கியதோ, கிட்டத்தட்ட அதே இடத்தில் இவை அடக்குகின்றன. பிறகு நாளுக்கு நாள் அளவைக் குறைத்து, ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். "போதை மருந்து கொடுத்தே வச்சிருக்காங்க" என்று நினைத்து இந்த மாத்திரைகளை நோயாளி துப்புவதும், உறவினர் ஒளிப்பதும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அப்புறம் ஒரு ஊசி. வைட்டமின் பி1, அதாவது தயமின். நெடுநாள் குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டதிலிருந்தும் தயமினைக் குடல் சரியாக உறிஞ்சுவதில்லை. இது தீர்ந்துபோனால் வரும் மூளை நோயை 1881இல் கார்ல் வெர்னிக்கே விவரித்தார்: குழப்பம், கண் அசைவில் கோளாறு, நடையில் தள்ளாட்டம். மூன்றும் சேர்ந்து வருவது குறைவு. தள்ளாட்டம் மட்டும் இருந்தால் "போதை இன்னும் இறங்கல" என்று விட்டுவிடும் அபாயம் இருக்கிறது. கவனிக்காமல் விட்டால் புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாத நிரந்தர மறதியில் கொண்டுபோய்த் தள்ளும். மயங்கிக் கிடப்பவருக்குக் குளுக்கோஸ் ஏற்றும் முன்போ அதனுடனோ தயமினும் போக வேண்டும் என்பது வார்டுகளில் பாலபாடம். விலை மிகக் குறைந்த ஒரு வைட்டமின் ஒருவரின் நினைவாற்றலைக் காப்பாற்றுகிறது.

மற்ற போதைகளுக்கு முதல் வாரம் வேறு மாதிரி இருக்கும். ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளை நிறுத்தும்போது உடம்புவலி, வயிற்றுப்போக்கு, கொட்டாவி, கண்ணீர் என்று நரகமாக இருக்கும். ஆரோக்கியமான உடம்பில் உயிருக்கு ஆபத்து குறைவு. தூக்க மாத்திரைப் பழக்கத்தைத் திடீரென நிறுத்தக் கூடாது; வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில் அளவைக் குறைக்க வேண்டும். கொக்கெயின், மெத்தாம்ஃபெட்டமைன் போன்ற ஊக்கிகளை நிறுத்தினால் வருவது கடும் சோர்வும் மனச்சோர்வும். அந்த நாட்களில் தற்கொலை எண்ணம் வருகிறதா என்று கண்காணிப்பார்கள்.

## எது முதலில் வந்தது?

வார்டில் சேர்ந்து நான்காம் நாள் ஒருவர் அழுகிறார், எதிலும் ஆர்வமில்லை, தூக்கமில்லை. இது மனச்சோர்வு நோயா, மது போன பிறகு வரும் வெறுமையா? அன்றைக்கே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மதுவால் வந்த சோர்வு, குடிக்காமல் இருந்தால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெருமளவு தானாகவே வடியும். ஒரு மாதம் தாண்டியும் நின்றாலோ, குடி தொடங்குவதற்கு முன்பே இருந்திருந்தாலோ, அது தனி நோய். அதற்கென்று தனிச் சிகிச்சை வேண்டும். அதனால்தான் மருத்துவர்கள் பழைய கதையைத் தோண்டித் தோண்டிக் கேட்கிறார்கள். "பத்தொன்பது வயசுல ஒரு வருஷம் குடிக்காம இருந்தீங்களே, அப்ப மனசு எப்படி இருந்துச்சு?" என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில் பல பரிசோதனைகளைவிட உதவும். ஒன்று: தற்கொலை எண்ணம் இருந்தால் இந்த ஒரு மாதக் காத்திருப்பெல்லாம் கிடையாது. காரணம் எதுவானாலும் அன்றே நடவடிக்கை.

இரண்டு நோய்களும் சேரும் வழிகள் மூன்று. மனநோயின் வேதனையைத் தணிக்கப் போதையை நாடுவது முதல் வழி. கூட்டத்தைக் கண்டால் நடுங்குபவர் "ஒரு பெக் போட்டா பேச்சு வருது" என்று தொடங்குவது இப்படித்தான். போதையே மனநோயைக் கிளப்புவது இரண்டாவது. இளவயதில் வீரியம் மிகுந்த கஞ்சாவைத் தினமும் புகைப்பவர்களுக்கு மனப்பிறழ்வு (எது நிஜம் என்று பிரித்தறிய முடியாத நிலை) வரும் அபாயம் கூடுவது தெளிவாகத் தெரிந்த ஒன்று. மரபணு, சிறுவயதுக் கொடுமைகள் போன்ற ஒரே வேர் இரண்டையும் வளர்ப்பது மூன்றாவது.

முன்பெல்லாம், "முதல்ல குடியை விட்டுட்டு வாங்க, அப்புறம் மனச்சோர்வுக்குப் பார்ப்போம்" என்று மனநலப் பிரிவு சொல்லும். "மனநோயைச் சரிபண்ணிட்டு வாங்க" என்று மறுவாழ்வு மையம் சொல்லும். இரண்டு வாசலுக்கும் நடுவில் நோயாளி அலைந்தார். ஒன்றை விட்டு ஒன்றைப் பார்த்தால் விடப்பட்டது மற்றதைக் கிளப்பிவிடும் என்று அனுபவம் கற்றுக்கொடுத்தது. ஒரே குழு, ஒரே கோப்பு, இரண்டு நோய்க்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை என்பதே இன்று ஏற்கப்பட்ட முறை. மனநல மருத்துவமனையில் போதைச் சிகிச்சைப் பிரிவு இருப்பதன் பெரிய பலம் இதுதான்.

இதன் அருமை தெரிய ஒரு சிறு விஷயத்தைப் பார்க்கலாம். மனச்சிதைவுக்கு க்ளோசபைன் என்ற மருந்து எடுப்பவர் கட்டுக்கட்டாக சிகரெட் புகைப்பவர் என்று வைத்துக்கொள்வோம். புகையில் இருக்கும் ஹைட்ரோகார்பன்கள் கல்லீரலைத் தூண்டி, அந்த மருந்தை வேகமாக உடைத்து வெளியேற்றுகின்றன. அதற்கேற்பத்தான் அவருக்கு அளவு கூட்டிக் கொடுத்திருப்பார்கள். இப்போது அவர் புகை அனுமதியில்லாத வார்டில் சேர்கிறார். அதே மாத்திரை, அதே அளவு; ஆனால் ஒரு வாரத்துக்குள் ரத்தத்தில் மருந்தின் அளவு ஒன்றரை மடங்கு வரை ஏறிவிடலாம். மயக்கம், வலிப்பு வரை போகக்கூடும். நிகோடின் பட்டை ஒட்டினாலும் இது மாறாது, ஏனென்றால் வேலை செய்வது நிகோடின் அல்ல, புகை. வார்டிலிருந்து வெளியேறி மறுபடி புகைத்தால் கதை தலைகீழ்: மருந்தின் அளவு விழுந்து, நோய் திரும்பும். சிகரெட்டைப் பற்றிக் கேட்காமல் இந்த நோயாளிக்கு மருந்து எழுதவே முடியாது. போதையும் மனநோயும் வெவ்வேறு கட்டடங்களில் பார்க்கப்பட்டால் இது யார் கண்ணில் படும்?

## அடுத்த கட்டம்: மருந்து

விலகல் அறிகுறிகள் அடங்கியதும் ஆசை அடங்கிவிடாது. அதற்கான மருந்துகள் தனி.

- நால்ட்ரெக்சோன்: குடித்தால் கிடைக்கும் கிளர்ச்சியை மழுங்கடிக்கும். ஓபியாய்டு எடுத்துக்கொண்டிருப்பவருக்குக் கொடுத்தால் கடும் விலகல் அறிகுறிகளைக் கிளப்பும் என்பதால் முன்கூட்டியே கேட்டு, பரிசோதித்துத்தான் தொடங்குவார்கள்.
- அகாம்ப்ரோசேட்: குடியை நிறுத்திய பின் மூளையின் மிகை வேகத்தைத் தணிக்கும். கல்லீரல் கெட்டவர்களுக்கு வசதியானது. சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும்.
- டைசல்ஃபிராம்: 1940களின் பிற்பகுதியில் டென்மார்க்கில் இதன் பயன் கண்டறியப்பட்டது. இதை எடுத்துக்கொண்டு குடித்தால் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சு உடம்பில் தேங்கி, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வரும். அந்தப் பயமே பாதுகாப்பு.

முதல் இரண்டையும் 2023இல் உலக சுகாதார அமைப்பு அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

மூன்றாவது மருந்தைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து கொடுக்கிற மாத்திரை" என்று குடும்பங்கள் தேடி அலைவது பெரும்பாலும் இதைத்தான். செய்யவே கூடாது. தெரியாமல் கொடுத்தால் தெரியாமல் குடிப்பார். இதய நோய் இருந்தால் உயிரே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரை இதன் வீரியம் உடம்பில் நிற்கும். மனப்பிறழ்வு உள்ளவர்களுக்கு நோயைத் தூண்டவும் கூடும். எல்லாம் தெரிந்து, தானே ஒப்புக்கொண்டு, நம்பும் ஒருவர் முன்னிலையில் எடுத்துக்கொள்பவருக்கு மட்டும்தான் இது மருந்து.

ஓபியாய்டு நோய்க்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின் என்ற இரண்டு. 1960களின் நடுவில் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் மெத்தடோனைத் தொடர் சிகிச்சையாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். "ஒரு போதையை எடுத்துட்டு இன்னொரு போதையைக் கொடுக்கிறீங்களா?" என்ற கேள்வி அன்றிலிருந்தே இருக்கிறது. ஹெராயின் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் நாள் முழுவதும் அடுத்த ஊசியைத் தேட வைக்கிறது. இந்த மருந்துகள் சீராக நிற்பதால் தேடல் ஓய்கிறது. வேலைக்குப் போக, பிள்ளையைப் பார்க்க நேரமும் மனமும் வருகின்றன. சிகிச்சையில் இருக்கும் காலத்தில் இறப்பு பாதிக்கும் கீழே குறைகிறது. 2005இலேயே இரண்டும் அத்தியாவசியப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. இத்தனைக்குப் பிறகும் வெட்கப்பட்டு இவற்றைப் பாதியில் நிறுத்தச் சொல்லும் உறவினர்கள் இருக்கிறார்கள் என்பது மனதை வருத்துகிறது.

## பேச்சும் ஒரு சிகிச்சை

'கவுன்சலிங்' என்றால் அறிவுரை என்று நினைக்கிறோம். அறிவுரையை அவர் ஏற்கெனவே வேண்டிய அளவு கேட்டுவிட்டார். 1983இல் வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் முன்வைத்த ஊக்கமூட்டும் நேர்காணல் முறை வேறு திசையில் போகிறது. இப்படி:

"குடியை விடணும்ங்கிறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பத்துக்கு எவ்வளவு போடுவீங்க?"

"ஒரு நாலு."

"சரி, நாலு. ஏன் ஒண்ணோ ரெண்டோ சொல்லலை?"

அவர் கொஞ்சம் யோசித்து, "பொண்ணு பேசுறதை நிறுத்திட்டா. அதான்" என்கிறார்.

"ஏன் பத்து இல்லை?" என்று கேட்டிருந்தால் குடிப்பதற்கான காரணங்களை அடுக்கியிருப்பார். "ஏன் அதைவிடக் குறைவில்லை?" என்று கேட்டதால் விடுவதற்கான காரணத்தை அவரே சொல்கிறார். பிறர் சொன்ன காரணத்தைவிடத் தன் வாயால் வந்த காரணம் நிற்கும் என்பதே இந்த முறையின் அடிப்படை.

இதன் பின் வருவது மறுசரிவைத் தடுக்கும் பயிற்சி, அதாவது பழையபடி குடிக்குத் திரும்பாமல் இருக்கும் பயிற்சி: எந்த நேரம், எந்த ஆள், எந்த மனநிலை குடியை நோக்கித் தள்ளுகிறது என்று எழுதிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் மாற்று வழியை ஒத்திகை பார்ப்பது. குழுச் சிகிச்சையும் உண்டு. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற சுய உதவிக் குழுக்கள், வார்டுக்கு வெளியே பல ஆண்டுகளுக்குத் துணை தரக்கூடியவை. குழு பிடிக்காதவர்களும் இருப்பார்கள். அவர்களை வற்புறுத்தத் தேவையில்லை.

## மறுபடியும் குடித்தால்?

இனி இரண்டாவது கேள்வி. போதைச் சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் மறுசரிவைச் சந்திக்கிறார்கள் என்று 2000இல் வெளியான ஒரு முக்கிய ஆய்வுக் கட்டுரை கணக்கிட்டது. அதே கட்டுரை பக்கத்தில் வைத்த இன்னொரு கணக்கு: உயர் ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகளில் 50 முதல் 70 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் நோய் மறுபடி தலைதூக்குகிறது. பிரஷர் ஏறினால் மருந்தை மாற்றுகிறோம். மறுபடி குடித்தால் மட்டும் ஆளை வைகிறோம்.

சூழல் எவ்வளவு வலியது என்பதற்கு ஒரு சான்று உண்டு. வியட்நாம் போரிலிருந்து 1971இல் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார். அங்கே இருந்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயின் போன்ற ஓபியாய்டுக்கு அடிமையாகியிருந்தார்கள். அப்படி அடிமையானவர்களில், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் 5 சதவீத அளவுக்குத்தான். போதை பழகிய இடம், ஆட்கள், பயம் எல்லாம் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டன. வார்டிலிருந்து வெளியேறும் நோயாளிக்கு நடப்பது இதற்கு நேர் எதிர். போதையில்லாத இடத்தில் சில வாரம் இருந்துவிட்டு, பழகிய அதே தெருவுக்கு, அதே கூட்டாளிகளிடம், அதே ஆறு மணிக்கு அவர் திரும்புகிறார்.

ஒரு மடக்குக் குடிப்பது சறுக்கல். பழையபடி ஆவது மறுசரிவு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வைப்பது பெரும்பாலும் "எல்லாம் போச்சு, இனிமே என்ன" என்ற எண்ணம்தான் என்று ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் காட்டினார். சறுக்கிய அன்றே மருத்துவமனைக்குப் போன் செய்பவர் பெரும்பாலும் ஒரு சறுக்கலோடு தப்புகிறார். வீட்டில் திட்டு விழும் என்று மறைப்பவரால் அது முடிவதில்லை.

வெளியேறிய முதல் சில வாரங்களில் இரண்டு பெரிய ஆபத்துகள் உண்டு:

1. ஓபியாய்டு நோயாளிகளுக்கு மிகை அளவு மரணம். வார்டில் இருந்த நாட்களில் உடம்பின் தாங்கும் திறன் போய்விடும். பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். இதை நோயாளியிடமும் குடும்பத்திடமும் வெளிப்படையாகச் சொல்லி, நாலோக்சோன் என்ற முறிவு மருந்தைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.
2. தற்கொலை. எந்த மனநல வார்டிலிருந்து வெளியேறுபவருக்கும் முதல் மூன்று மாதம், அதிலும் முதல் வாரம், அபாயம் மிகுந்த காலம். போதையும் சேர்ந்தால் இன்னும் கூடும்.

## மருத்துவமனையில் கேட்க வேண்டியவை

நல்ல சேவையை அடையாளம் காணச் சில கேள்விகள். இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

1. விலகல் அறிகுறிகளை இரவிலும் கவனிக்க மருத்துவரோ பயிற்சி பெற்ற செவிலியரோ இருக்கிறார்களா? வலிப்பு வந்தால் என்ன ஏற்பாடு?
2. மனநோய் இருக்கிறதா என்று எப்போது, யார் பரிசோதிப்பார்கள்? ஒரு மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்களா?
3. ஆசையைக் குறைக்கும் மருந்துகள் கிடைக்குமா, அல்லது அறிவுரை மட்டும்தானா?
4. நோயாளியின் சம்மதத்தோடுதான் சேர்க்கிறார்களா? சம்மதமில்லாத அனுமதிக்கு அந்தந்த நாட்டுச் சட்டம் வகுத்த தனி நடைமுறை உண்டு. அதை எழுத்தில் காட்ட வேண்டும். அடிப்பது, கட்டிப்போடுவது, மாதக்கணக்கில் பூட்டி வைப்பது எங்குமே சிகிச்சை ஆகாது. கட்டாயப் போதை மறுவாழ்வு அடைப்பிடங்களை மூடச் சொல்லி 2012இல் ஐநாவின் 12 அமைப்புகள் கூட்டாக அறிக்கை விட்டன.
5. குடும்பத்துக்கும் ஆலோசனை உண்டா? பல வருடம் தூங்காமல் கிடந்த மனைவிக்கும் பயந்து வளர்ந்த குழந்தைக்கும் தனியாக யாராவது பேசுவார்களா?
6. சறுக்கினால் எந்த எண்ணுக்கு அழைப்பது? அழைத்தால் திட்டுவார்களா, வரச் சொல்வார்களா?
7. டிஸ்சார்ஜ் தாளில் அடுத்த சந்திப்புக்கான தேதியும், பார்க்கப்போகும் ஆளின் பெயரும் எழுதியிருக்கிறதா? அந்தத் தேதி ஏழு நாளுக்குள் இருக்க வேண்டும். "தேவைப்பட்டால் வரவும்" என்று மட்டும் எழுதியிருந்தால், வார்டை விட்டுக் கிளம்பும் முன் தேதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.